கழுவிய முட்டைகள்

நகராட்சி சுகாதார ஆய்வாளரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். பார்க்கப்போனால் அது ஒன்றும் பெரிய மூக்கு இல்லை, சாதாரண மூக்குதான். ஆனால் அது பார்த்த வேலை இருக்கிறதே! உணவகத்தின் வாசலில் நின்றபடியே, உள்ளே பழைய எண்ணெய் காய்கிறதா, பின்பக்கச் சாக்கடை அடைத்திருக்கிறதா, குளிர்பெட்டியில் இருப்பது நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவார். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே முதலாளிகள் அடுப்படிக்கு ஓடுவார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் பார்த்ததையெல்லாம் பார்த்தால் யாருக்கும் சோறு இறங்காது. தரை துடைக்கும் துணியை அலசிய தொட்டியிலேயே கீரையைக் கழுவுகிறவர்கள், கரண்டிக் காம்பால் முதுகைச் சொறிந்துவிட்டு அதே கரண்டியைப் பாத்திரத்துக்குள் விடுகிறவர்கள், மூக்கைச் சிந்திய கையோடு மாவு பிசைகிறவர்கள். அத்தனை பேரும் அவரைக் கண்டதும் பல்லைக் காட்டிக்கொண்டு, "சார், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்பார்கள். தூ! எலிப்புழுக்கையைக்கூட அவர் சகித்துக்கொள்வார். அந்த உபசாரத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அருவருப்பு வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவருக்குப் பின்னாலேயே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் சாவியால் காது குடைகிறவன், அலுவலகத்தில் கட்டைவிரலை நக்கிக் காகிதம் புரட்டுகிற மேலதிகாரி, வாய்வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு அந்த பாட்டிலையே நீட்டுகிற சக ஊழியர் என்று உலகத்தில் யாரைப் பார்த்தாலும் அவருக்கு முகம் சுளித்தது. சுளிப்பதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ரத்தமும் சீழும் இன்னும் வாயால் சொல்லக்கூடாததும் படிந்த விரிப்புகளை நாள் முழுக்க எந்திரத்தில் திணித்து எடுக்கிற வேலை. அவள் முகம் கோணி யாரும் பார்த்ததில்லை. வேலை முடிந்து வரும்போது அவள்மேல் பிளீச்சிங் பவுடரும் நீராவியும் வீசும், அவ்வளவுதான். ஊரிலுள்ள சமையலறைகளுக்கெல்லாம் இவரே வாங்கிக் கொட்டச் சொல்லும் அதே பிளீச்சிங் பவுடர்! இருந்தாலும் அவள் உள்ளே வந்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார். பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. வேலைத் துணியை அதில் போட்டு, குளித்த பிறகுதான் அவள் அடுப்படிக்குள் கால் வைக்கலாம். அவளும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தாள். குளித்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தால், இவர் எழுந்து நாற்காலிக்குப் போனார்.

அவளுடைய தம்பி ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்தான். தங்கமான மனுஷன். வாய்விட்டுச் சிரிப்பான், சப்புக்கொட்டிச் சாப்பிடுவான், சாப்பிட்டதும் ஒரு ஏப்பம் விட்டு வீட்டையே ஆட்டுவான். அவன் உட்கார்ந்துபோன இடத்தை மூக்கர் ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பார். அந்தக் கோழிப்பண்ணைப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

ஒரு நாள் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பெரிய உணவகத்துக்குள் நுழைந்தார். இறைச்சி வைத்திருந்த அண்டாவின் மூடியைத் திறந்தால், மேலே புழு நெளிகிறது. சமையல்காரன் ஒன்றுமே நடக்காதது போல் கரண்டியால் அதை ஒதுக்கிவிட்டு, "மேலாப்லதான் சார், அடியில நல்லாத்தான் இருக்கு" என்றான். மூக்கர் அண்டாவைக் குப்பையில் கவிழ்த்து, கதவை இழுத்துப் பூட்டி, தன் கையாலேயே சீல் வைத்தார். மத்தியானம் அந்த வழியாகத் திரும்பி வருகிறார், சீலைக் காணோம். உள்ளே நடுமேசையில் அவருடைய மேலதிகாரி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எண்ணெய்க் கையை ஆட்டினார்.

"வாய்யா, உக்காரு. இன்னைக்கு நல்லாருக்கு."

இன்னைக்கு நல்லாருக்காம்! மூக்கர் அலுவலகத்துக்குப் போய் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துப் படகுக் கிளப்பில் பாய்மரப் படகு ஓட்டுவது அவருக்குப் பல வருஷப் பழக்கம். மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பல் டாக்டர் மூலையில் போட்டு வைத்திருந்த பழைய படகை வாங்கினார். இருபது அடி நீளம். உள்ளே ஒரு ஆள் படுக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். அதில் ஏறி, தனியாளாக, பெருங்கடலைத் தாண்டி அடுத்த கரைக்குப் போவது என்று முடிவு செய்தார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"எதுக்குங்க?"

"மனுஷ வாடையே இல்லாம கொஞ்ச நாள் இருக்கணும்."

கத்தி நின்றது. "அதுல என் வாடையும் சேத்தியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்யாகிவிடுமே என்று பார்த்தார். பொய்யே சொல்லாத ஆள் என்ற பெருமை வேறு! வாயை மூடிக்கொண்டு நின்றார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளினாள்.

"சரி. நீங்க கிளம்பற அன்னைக்கு நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வந்தீங்கன்னா அங்க வந்து, வாயத் திறந்து கூப்பிடுங்க. வர்றதா வேண்டாமான்னு அப்போ சொல்றேன்."

குரல் உயரவே இல்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடலைத் தாண்டுவதைவிட இது பெரிய சங்கதி என்று அப்போதே உறைத்தது. உறைத்தும் என்ன செய்தார்? படகைத் தேய்க்கும் பிரஷ் வாங்கக் கடைக்குப் போனார்.

பல் டாக்டர் ஊராரின் வாயைச் சுத்தம் செய்து பிழைத்தவர். அவருடைய படகோ சகிக்கவில்லை. மெத்தையில் பூஞ்சை, தரைப் பலகைக்குக் கீழே கறுப்புக் குழம்பாய் நின்ற தண்ணீர், அதில் தலைமுடி, பாட்டில் மூடி, கரைந்துபோன பிஸ்கட். மூக்கர் மூக்கைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அதைச் சுரண்டினார். மூலைமுடுக்குகளுக்குப் பல் துலக்கும் பிரஷ். மெத்தையைக் கொளுத்தினார். கழிப்பறை இருந்த இடத்தைப் பெயர்த்து எறிந்துவிட்டு ஒரு வாளியை வைத்தார். வாளியைக் கழுவலாம், குழாயை யார் கழுவுவது என்பது அவர் வாதம். குடிதண்ணீர் கேன்களில் போட வேண்டிய குளோரினுக்கு இரண்டு பங்கு போட்டார். கடைசியில் அந்தப் படகு ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆகிவிட்டது. மோந்து பார்த்தார். ஒன்றுமே இல்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இதற்கிடையில் கிளப்பில் ஆள் ஆளுக்கு அறிவுரை. கேப்டன் என்று எல்லாரும் அழைக்கும் கிளப் தலைவர், துறைமுகத்துச் சுவர் கண்ணை விட்டு மறைகிற தூரத்துக்கு ஒருநாளும் போனதில்லை. அவர்தான் புயலில் பாயைச் சுருக்குவது எப்படி என்று, வறுத்த கடலை வாயிலிருந்து தெறிக்கத் தெறிக்க, வகுப்பெடுத்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொலைதூரம் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார். "தனிமை பயமா இல்லையா சார்?" என்று கேட்டார். "உங்களை எல்லாம் பாத்தாதான் பயமா இருக்கு" என்றார் மூக்கர். அதை அவர்கள் போடவில்லை.

உண்மையிலேயே உதவி செய்தவன் மச்சினன் மட்டும்தான். துளை போட்டான், கம்பி இழுத்தான், காற்றைப் பார்த்துத் தானாகவே சுக்கானைத் திருப்பும் கருவியைப் பின்பக்கம் பொருத்தினான். அதே சமயம் படகின் விளிம்பில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்று விதையைத் துப்பவும் செய்தான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பண்ணையிலிருந்து பெரிய அட்டைகளில் முட்டை கொண்டுவந்தான். அன்றைக்கு இட்டவை. சிலவற்றில் எச்சம் காய்ந்திருந்தது. ஒன்றில் சின்ன இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், இதைக் கழுவிறாதீங்க. அழுக்கு இருந்தா காஞ்ச துணியில லேசாத் தட்டி விட்டுடுங்க. தண்ணி பட்டா மேல இருக்கற பூச்சு போயிடும், உள்ள கெட்டுடும். அப்படியே வெச்சா மாசக்கணக்குல தாங்கும்."

"எனக்கே சொல்றியா?" என்றார் மூக்கர்.

அவருக்குத் தெரியாதா என்ன! துறைத் தேர்வில் முட்டையைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் படித்தவர். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை அடைத்திருக்கும் இயற்கைப் பூச்சு கழுவினால் போய்விடும் என்று மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். ஆனால் மச்சினன் போன பிறகு அந்த இறகு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் படித்ததெல்லாம் மூளையில் பத்திரமாக இருந்தது, முடிவு செய்தது மூக்கு. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையையும் சோப்புப் போட்டு, பிளீச்சிங் கரைசலில் முக்கி, துடைத்து, டிஷ்யூ காகிதத்தில் சுற்றினார். பிறகு படகிலேயே குளிர்ச்சியான இடம் என்று தரைப் பலகைக்குக் கீழே, அடிக்குழியில், பெட்டிகளில் அடுக்கினார். வெள்ளை வெளேரென்று இருந்தன. இப்போதுதான் சாப்பிடுகிற பொருள் மாதிரி இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கிளம்பிய அன்று மனைவி வந்தாள். கையில் தன் துணிப்பை, இங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்கு. "பாத்துப் போங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். கயிற்றை அவிழ்த்துவிட்டது மச்சினன்தான்.

முதல் சில நாள் சொர்க்கம். காற்று, உப்பு, வெயில், மறுபடி காற்று. சாப்பிடும் சத்தம் கிடையாது, ஏப்பம் கிடையாது, யார் விரலும் எதிலும் படாது. சின்னக் கருவி ஒன்றில் தினமும் ஒரு பொத்தானை அழுத்தினால் மச்சினனின் போனுக்கு "நலம்" என்று போகும். அதே கருவியில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு, உயிர் போகிற ஆபத்துக்கு. அதற்கு மேல் யாருடனும் பேச்சுவார்த்தை வேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் நீச்சல் குளத்தைக் குடிப்பது போல் இருந்தது. அதையும் சுத்தத்தின் ருசி என்று நினைத்துக் குடித்தார்.

பிறகு கடல் தன் சுயரூபத்தைக் காட்டியது. பறக்கும் மீன்கள் தளத்தில் வந்து விழுந்து, இண்டு இடுக்குகளில் போய்ச் செத்து, நாறின. எங்கிருந்தோ வந்த பறவை ஒன்று பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, போகிற வரைக்கும் கழிந்துகொண்டே இருந்தது. துணி உப்பேறி விறைத்தது, காயவே இல்லை. ஈரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்புறத்தில் கட்டிகள் கிளம்பின. காற்று செத்துப் படகு அசையாமல் நின்ற நாட்களில், சுற்றிலும் மிதந்து வந்ததைப் பார்த்தார். ஒற்றைச் செருப்பு. ஷாம்பு பாட்டில். எவனோ பல் துலக்கிவிட்டு எறிந்த பிரஷ், மயிர் எல்லாம் விரிந்து. கரையே இல்லாத நடுக்கடல், அங்கும் விடமாட்டேன் என்கிறார்கள்! "சீ, நீங்கள்லாம் மனுஷங்களாடா!" என்று கத்தினார். சொல்லிவிட்டு, ஆடாத தண்ணீரில் தன் வாளியைக் கவிழ்த்தார். கவிழ்த்தது அங்கேயே படகை ஒட்டி நின்றது. மத்தியானம் வரை அதுவும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் உள்ளே இருந்து ஒரு வாடை வந்தது. முதலில் லேசாக, தீக்குச்சி கிழித்த மாதிரி. அப்புறம் மூக்கில் குத்துகிற மாதிரி. செத்த மீனைத் தேடினார், இல்லை. வாளியை மூன்று தரம் கழுவினார். தரைப் பலகையைத் தூக்கி ஒரு முட்டையைக் கையில் எடுத்தார். அது பொட்டென்று வெடித்தது. பச்சையும் கறுப்புமாக ஒன்று முழங்கை வரை வழிந்தது. படகின் விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டக்கூட நேரமில்லை, மடியிலேயே வாந்தி எடுத்தார். கைக்கு அகப்பட்ட பெட்டிகளையெல்லாம் கடலில் வீசினார். ஆனால் முட்டை உடையக்கூடாது என்று அவரே பார்த்துப் பார்த்து, கை நுழையாத மூலைகளில், தண்ணீர் கேன்களுக்குப் பின்னால், இறுக்கித் திணித்து வைத்த பெட்டிகள் இருக்கின்றனவே! கேன்களையெல்லாம் நகர்த்தினால் சின்னப் படகு ஒரு பக்கம் சாயும். கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலகையை மூடி, அதன்மேல் ஈரத்துணியைப் போட்டு, வெளியிலேயே படுத்துக்கொண்டார்.

ஒரு காலையில் வானம் கறுத்தது. மத்தியானத்துக்குள் அலைகள் பாய்மரத்தின் பாதி உயரத்துக்கு எழும்பின. பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டு உள்ளே போய்க் கதவுப் பலகையைச் செருகுவதற்குள், பெரிய அலை ஒன்று பக்கவாட்டில் அறைந்தது. படகு படுத்தது, பாய்மரம் தண்ணீரைத் தொட்டது, பிறகு மெல்ல எழுந்தது. எழுந்தபோது உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கேன்கள் புரண்டன. மிச்சமிருந்த அத்தனை முட்டையும் ஒரே நேரத்தில் உடைந்தது.

அது எப்படி நாறியது என்று எழுதினால் படிக்கிறவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அடிக்குழித் தண்ணீரை இறைக்கிற கை பம்பின் பிடியைப் பிடித்து இழுத்தார். நாலைந்து தரம் தண்ணீர் வெளியே போயிற்று, அப்புறம் நின்றுவிட்டது. பம்பின் குழாய் அடிக்குழியின் ஆழத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அந்த வாயை டிஷ்யூ காகிதம் அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு சட்டை போல அவரே சுற்றிய காகிதம், கூழாகி, ஓட்டுச் சில்லோடும் அழுகலோடும் கலந்து நின்றது. வெளியே இன்னொரு அலை அறைந்தது. தண்ணீர் ஏறியது.

சிவப்புப் பொத்தான் கையெட்டும் தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அழுத்தினால் எங்கேயோ ஒரு கப்பல் திரும்பி வரும். விரலைக் கொண்டுபோனார். அப்போது அவர் நினைத்தது உயிரைப் பற்றியா, மனைவியைப் பற்றியா? இல்லை. கப்பல்காரர்கள் ஏணியில் இறங்கி வருவார்கள், உள்ளே தலையை விடுவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவார்கள். அந்த முகங்களைத்தான் நினைத்தார். செத்தாலும் பரவாயில்லை, இதை ஒருத்தன் கண்ணில் காட்டக்கூடாது என்று விரலை எடுத்துவிட்டார். இப்படியும் ஒரு மனுஷன்!

குப்புறப் படுத்தால்தான் குழாயின் வாய் எட்டும். படுத்தார். கன்னமும் ஒரு காதும் அந்தத் தண்ணீரில் மூழ்கின. வலது கையைத் தோள் வரை உள்ளே விட்டு அடைப்பைப் பிடுங்கினார். இடது கையால் பம்பை அடித்தார். கொஞ்சம் போயிற்று, மறுபடி அடைத்தது. மறுபடி பிடுங்கினார். கடைசியில் வேறு வழியில்லாமல் குழாயின் வாயைத் தன் கைப்பிடிக்குள்ளேயே பொத்தி வைத்துக்கொண்டார். விரல்தான் வடிகட்டி. தண்ணீர் விரல் இடுக்கு வழியாக உறிஞ்சப்பட்டுப் போக, காகிதமும் கொழகொழப்பும் விரல்களின் வெளிப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டன. குமட்டியபோது திரும்ப இடமில்லை, அதே தண்ணீரில் வாந்தி எடுத்தார், அதுவும் அதே விரல்கள் வழியாகப் போயிற்று. யாரைத் திட்டுவது? இந்தச் சமையலறைக்கு யார் வந்து சீல் வைப்பது? வாழ்நாள் முழுக்க எவன் எவன் மேலோ இருந்த அருவருப்பெல்லாம் அன்றைக்கு ஒரே ஆள் மேல் வந்து இறங்கியது. அந்த ஆள் கன்னத்தைச் சாக்கடையில் வைத்துக்கொண்டு பம்பு அடித்துக்கொண்டிருந்தான்.

அலை அடங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். தரைப் பலகை தெரிந்தது. எழுந்து, பையிலிருந்து ஒரு ரஸ்கை எடுத்து, கழுவாத அந்தக் கையாலேயே தின்றார். அப்போதுதான் கவனித்தார், எந்த வாடையும் தெரியவில்லை. வெளியே போய் மீனை மோந்தார், சட்டையை மோந்தார், வாளியை மோந்தார். மூக்கு செத்துப்போயிருந்தது.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தலைமேல் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வியாதி போயிற்று, இனி யார் பக்கத்திலும் உட்காரலாம், யார் கையாலும் வாங்கிச் சாப்பிடலாம். மிச்சப் பயணம் முழுக்க அவர் மனைவியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். அவள் கேட்ட கேள்விக்கு இப்போது பொய் இல்லாமலே "இல்லை" என்று சொல்லலாம். "வீட்டுக்கு வா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சுக்கானிடம் சொன்னார், பாயிடம் சொன்னார், ஒருமுறை குரல் உடைந்து அழவும் செய்தார்.

அந்தக் கரையில் துறைமுக அதிகாரிகள் படகுக்குள் இறங்கவே இல்லை. ஒருவர் ஏணி வரை வந்து, இரண்டடி பின்னால் போய், வாயைப் பொத்திக்கொண்டு கையால் ஏதோ சைகை காட்டினார். இன்னொருவர் ரப்பர் குழாயைக் கொண்டுவந்து மூக்கரை மேடைமேல் நிறுத்தி, மாட்டைக் கழுவுவது போல் தலையிலிருந்து கால் வரை அடித்தார். மூக்கருக்குக் கோபமே வரவில்லை, நின்று காட்டினார். படகை அங்கிருந்த பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டான், அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். மச்சினனுக்குப் போன் போட்டார்.

"அத்தான்! வந்து சேந்துட்டீங்களா! அக்கா இங்கதான் இருக்கா, நல்லா இருக்கா."

"அவகிட்ட குடு."

மச்சினன் போனைப் பொத்திக்கொண்டு உள்ளே ஏதோ கேட்டான். "நேர்ல வரச் சொல்றா அத்தான்."

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். கால்விரல்களைப் பிரித்து நீவி விட்டுக்கொண்டார். மூக்கரின் மூக்குக்குள் ஏதோ சின்னதாக அசைந்தது. சேச்சே, பிரமை என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். சாப்பாட்டுத் தட்டு வந்தது. அந்த மனுஷன் நீவிய விரலாலேயே ரொட்டியைப் பிய்த்து, "நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டான். மூக்கு முழுசாக உயிர்பெற்று எழுந்தது. ஊர் வந்து இறங்கும்போது அது முன்னைவிடக் கூர்மையாக வேலை செய்தது. இத்தனை பாடுபட்டும் பழைய ஆளாகவே திரும்பிவந்ததை நினைத்து, விமான நிலையத்தின் நடுவில் நின்று தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவருக்கு. அதற்கும் அவருக்கு மனம் வரவில்லை. தரை சுத்தமாக இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் பண்ணைக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அடித்தது. கோழி எச்சம், ஈரத் தீவனம், செத்த குஞ்சு, எல்லாம் வெயிலில் வெந்து காற்றோடு வந்து முகத்தில் மோதின. கைக்குட்டையை எடுத்தார். எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் வைத்தார். கேட்டைத் திறந்துவிட்ட மச்சினன் அவரைக் கட்டிக்கொள்ள வந்து, ஞாபகம் வந்தவனாகக் கையை இறக்கினான்.

"இளைச்சுப் போயிட்டீங்களே அத்தான். முட்டையெல்லாம் தாங்குச்சா?"

"கழுவிட்டேன்."

மச்சினன் வாயைப் பிளந்தான். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "அக்கா உள்ள கடைசிக் கொட்டகையில இருக்கா" என்றான்.

கொட்டகை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் கோழிகள், காலடியில் எச்சம், மேலே தூசி. செருப்பு வழுக்கியது. பாதி வழியில் குமட்டி, கம்பத்தைப் பிடித்து நின்று, மறுபடி நடந்தார். அவள் கடைக்கோடியில் முட்டைகளைப் பொறுக்கி அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்திருக்க வேண்டும், அதே வேலைச் சட்டை. முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. அவர் வருவதைப் பார்த்தாள், வேலையை நிறுத்தவில்லை.

"வீட்டுக்கு வா" என்றார்.

"கூப்பிட்டீங்க. சந்தோஷம். நான் வரல."

"ஏன்?"

"இங்க எனக்குத் தூக்கம் வருது." ஒரு முட்டையை எடுத்துப் பார்த்து அட்டையில் வைத்தாள். "அங்க நான் உங்க பக்கம் திரும்பிப் படுத்தா, நீங்க மூச்சைப் பிடிச்சுக்குவீங்க. நான் அந்தப் பக்கம் திரும்பற வரைக்கும் விடமாட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஒவ்வொரு நாளும் நானேதாங்க திரும்பிப் படுத்தேன். பாவம், மூச்சு முட்டுமேன்னு."

தன் படுக்கையில் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது அவருக்கே தெரியாது.

"இனிமே அப்படி…" என்று ஆரம்பித்தார்.

"இப்பவும் பிடிச்சுட்டுதான் நிக்கறீங்க" என்றாள்.

ஆமாம், அப்படித்தான் நின்றார். விட்டார். விட்டதும் உள்ளே இழுத்தாக வேண்டியிருந்தது. கொட்டகை முழுசும் தொண்டைக்குள் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, இருமினார், தீவனத் தொட்டி ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். அவள் வந்து தலையைப் பிடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"நாளைக்கு வரட்டுமா?"

அவள் யோசித்தாள். "வாங்க. ஆனா வரலைன்னுதான் சொல்வேன்."

மறுநாள் போனார். சொன்னபடியே சொன்னாள். அதற்கு மறுநாளும் போனார், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவருக்குக் குமட்டுகிறது. அவள் இதுவரை பதிலை மாற்றவில்லை.